காரை ஓட்டப்போவது யார்?

தென்னாப்பிரிக்காவில் இன்சூரன்ஸ் இல்லாமல் கார் ஓட்டுவது குற்றமில்லை. தஞ்சாவூரில் இருக்கும் என் தம்பியிடம் போனில் இதைச் சொன்னபோது அவன் நம்பவே இல்லை. அங்கே வண்டியை ஓரங்கட்டச் சொல்லும் போலீஸ்காரர் ஆர்சி புக்குக்கு அடுத்தபடியாகக் கேட்பதே இன்சூரன்ஸைத்தான். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி தேர்ட் பார்ட்டி, அதாவது நாம் இடித்தால் எதிராளிக்கு ஆகும் சேதத்துக்கான இன்சூரன்ஸ், இல்லாமல் வண்டி ரோட்டுக்கே வரக்கூடாது. இங்கே டர்பனில் மெட்ரோ போலீஸ் நிறுத்தினால் டிரைவிங் லைசென்ஸைப் பார்ப்பார்கள். முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்க் காலாவதியாகிவிட்டதா என்று பார்ப்பார்கள். டயரைக் குனிந்து பார்ப்பார்கள். இன்சூரன்ஸ் என்ற பேச்சே எழாது. நாட்டில் ஓடும் வண்டிகளில் மூன்றில் இரண்டுக்கு இன்சூரன்ஸ் கிடையாது என்பது பல வருடங்களாகச் சொல்லப்பட்டுவரும் மதிப்பீடு.

இது ஏன் இப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் இங்கே புதுக் காருக்கு பாலிசி எடுக்கக்கூடாது. எங்கள் வீட்டில் கார் எடுத்தபோது நான் முதலில் உட்கார்ந்து படித்தது அதைத்தான். 1942லேயே இங்கும் தேர்ட் பார்ட்டியைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்திருக்கிறது. 1986ல் அந்த ஏற்பாட்டை மாற்றி, ஒவ்வொரு வண்டிக்காரரும் தனித்தனியாக பாலிசி எடுப்பதற்குப் பதிலாக, பெட்ரோல் டீசல் விலையிலேயே ஒரு வரியைச் சேர்த்துப் பொது நிதியாக்கிவிட்டார்கள். இன்று அதற்குப் பெயர் ரோட் ஆக்சிடெண்ட் ஃபண்ட். 2021ல் அந்த வரி லிட்டருக்கு 2 ராண்டு 18 சென்ட் ஆனது, பிறகு பல ஆண்டுகள் அங்கேயே நின்றது. ஐம்பது லிட்டர் போட்டால் நூறு ராண்டுக்கு மேல் அந்த நிதிக்குப் போகிறது. ஆகவே நாம் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் பிரீமியம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆனால் அந்த நிதி பார்ப்பது மனித உடம்பை மட்டும். கால் முறிந்தால், சம்பாதிக்கிறவர் இறந்துபோனால், அங்கே மனு போடலாம். பணம் கைக்கு வர எத்தனை காலமாகும் என்பது வேறு கதை. 2008ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, காயத்துக்காக மோதிய டிரைவர் மேல் தனியாக வழக்குப் போடும் உரிமையும் போய்விட்டது. எல்லாமே அந்த நிதியோடு முடிந்தது. கதவு நசுங்கினால், பம்பர் பெயர்ந்தால், வண்டி மொத்தமாகப் போனால், அதில் ஒரு சென்ட் கிடையாது. மோதியவர் கையிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அவர் கையில் இல்லையென்றால்?

என் வீட்டுக்காரரின் சித்தி டர்பன் பக்கம் ஷால்க்ராஸில் இருக்கிறார். ரோபோவில், அதாவது சிக்னலில், சிவப்புக்கு நின்றுகொண்டிருந்த அவர் வண்டியைப் பின்னாலிருந்து ஒரு பழைய பேக்கி, அதாவது பிக்கப் வண்டி, வந்து இடித்தது. இடித்தவர் நல்ல மனிதர். இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டார், பெயர், நம்பர் எல்லாம் கொடுத்தார். தப்பு அவர் மேல்தான் என்று எழுதியும் கொடுத்தார். அவரிடம் இன்சூரன்ஸ் இல்லை, கூலி வேலைதான். யாரிடம் போய் என்ன கேட்பது? சித்தியிடமும் தேர்ட் பார்ட்டி மட்டும்தான் இருந்தது, தன் வண்டிக்கென்று எதுவும் இல்லை. தன்மேல் ஒரு துளி தப்பும் இல்லாத விபத்துக்குத் தன் சேமிப்பிலிருந்து செலவு செய்தார்.

மறுபக்கமும் பார்த்திருக்கிறேன். டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பையன். கடன் அடைத்து முடித்த பழைய வண்டி, ஆகவே பேங்க் கேட்கவில்லை, ஆகவே எந்த பாலிசியும் இல்லை. உம்லாங்கா பக்கம் ஒரு விலை உயர்ந்த ஜெர்மன் காரில் இடித்துவிட்டான். அந்தக் காருக்கு அதன் கம்பெனி பணம் கொடுத்துச் சரிசெய்து கொடுத்துவிட்டது. பிறகு அந்தக் காரின் சொந்தக்காரர் பெயரிலேயே அந்தக் கம்பெனி இவன் மேல் சம்மன் அனுப்பியது. இப்படிப்பட்ட கடனைக் கோர மூன்று வருடம் வரை நேரம் இருக்கிறது. மாதங்கள் ஓடிவிட்டன, மறந்துவிட்டார்கள் என்று நினைத்திருந்த வேளையில் வீட்டு வாசலுக்குக் காகிதம் வந்தது. அவன் இன்றும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறான். தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் அந்தப் பணத்தைக் கம்பெனி கட்டியிருக்கும். முழு பாலிசியோடு ஒப்பிட்டால் அதற்குப் பிரீமியம் மிகக் குறைவு.

புதுக் காரைப் பற்றி எழுத வந்து பழைய வண்டியைப் பற்றிப் பேசுகிறேன் என்று தோன்றலாம். புதுக் கார் எடுக்கும்போது பழையதை வீட்டிலேயே வைத்துக்கொள்கிற பழக்கம் நம்மவர்களிடம் நிறைய. புதுசுக்கு எல்லாம் போட்டுவிட்டு, பழசுக்கு எதற்கு என்று அதன் பாலிசியை நிறுத்திவிடுவார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். தேர்ட் பார்ட்டியாவது இருக்கட்டும். சட்டம் கட்டாயப்படுத்தாத ஊரில் அந்தக் கட்டாயத்தை நமக்கு நாமே போட்டுக்கொள்ள வேண்டும். எதிரே வருகிறவர் அந்தச் சித்தியைப் போன்றவராகவும் இருக்கலாம்.

இனி எங்கள் காருக்கு வருகிறேன். மகன் டர்பன் யுனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜியில் படிக்கிறான். சாட்ஸ்வொர்த்திலிருந்து ஹிக்கின்சன் ஹைவே வழியாக தினமும் டவுனுக்குப் போய்வர வேண்டும். ஒரு சின்ன ஹூண்டாய் எடுத்தோம். இங்கே விற்கும் அந்த மாதிரி சின்ன ஹூண்டாய்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிக் கப்பலேறி வருகின்றன. என் மாமியாரின் பாட்டனாரும் சென்னையிலிருந்து கப்பலேறி இதே டர்பன் துறைமுகத்தில்தான் இறங்கினார். காரும் நம்ம ஊர்க் கார்தான் என்றதும் மாமியாருக்கு அவ்வளவு சந்தோஷம்.

பேங்க் லோன் என்றால் காம்ப்ரிஹென்சிவ், அதாவது நம் வண்டிச் சேதத்தையும் சேர்த்துப் பார்க்கும் முழு பாலிசி கட்டாயம். கவர் தொடங்கிவிட்டது என்ற உறுதிக் கடிதம் ஷோரூமுக்குப் போகாமல் சாவியைக் கொடுக்க மாட்டார்கள். இந்தக் கட்டாயத்தைச் சாக்காக வைத்து, ஷோரூமில் இருக்கும் ஃபைனான்ஸ் ஆபீஸிலேயே ஒரு பாலிசியை நம் முன்னால் நீட்டுவார்கள். அதையே எடுத்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 2005ஆம் வருட நேஷனல் கிரெடிட் ஆக்ட்டின் 106ஆம் பிரிவு, கடன் கொடுப்பவர் இன்சூரன்ஸ் கேட்கலாம், ஆனால் அதை எங்கே எடுப்பது என்பது கடன் வாங்குகிறவரின் விருப்பம் என்கிறது. கார் டெலிவரிக்கு ஒரு வாரம் முன்பே சேசிஸ் நம்பரை வாங்கிக்கொண்டு நாமே வெளியில் விலை கேட்டுவிட வேண்டும். டெலிவரி நாளன்று, பூஜைக்கு எலுமிச்சம்பழம் வாங்கி வைத்துவிட்டு, குடும்பமே வாசலில் காத்திருக்கும் நேரத்தில் யாராலும் நிதானமாக பாலிசி படிக்க முடியாது.

அந்த ஆபீஸில் உட்கார்ந்திருந்தவர் நம் தமிழ்ப் பிள்ளைதான். முப்பது வயதிருக்கும், மரியாதையான பையன். இங்கே பிறந்து வளர்ந்தவர்களைப் போல அவரும் ஆங்கிலத்தில்தான் பேசினார், நான் தமிழில் எழுதுகிறேன்.

"ரெகுலர் டிரைவர் யாருன்னு போடறது ஆன்ட்டி?"

"என் மகன்."

"வயசு?"

"இருபது. லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகுது."

கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். திரையை என் பக்கம் திருப்பினார். "அங்கிள் பேர்ல போட்டா இந்தத் தொகை, தம்பி பேர்ல போட்டா இது. மாசம் எழுநூறு ராண்டு வித்தியாசம் ஆன்ட்டி. எல்லாரும் அப்பா பேரைத்தான் போடுவாங்க. தம்பி எப்பவாச்சும் ஓட்டுறார்னு சொல்லிக்கலாம்."

மாதம் எழுநூறு என்றால் வருடத்துக்கு எட்டாயிரத்து நானூறு. எங்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் மகன் பெயரையே போடச் சொன்னேன்.

இதைக் கொஞ்சம் நின்று விளக்க வேண்டும், ஏனென்றால் இங்கே நம் குடும்பங்களில் இது சர்வ சாதாரணமாக நடக்கிறது. தமிழ்நாட்டில் பாலிசி வண்டியைச் சுற்றியே இருக்கிறது. சொந்தக்காரர் அனுமதியோடு, செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் பொதுவாகப் பிரச்சினை வராது. அங்கிருந்து வந்தவர்களுக்கு ரெகுலர் டிரைவர் என்ற கேள்வியின் கனம் புரியாது. இங்கே பிரீமியத்தின் பெரும்பகுதி அந்த ஒரு பதிலின் மேல்தான் நிற்கிறது. மாதத்தில் அதிக நாள் வண்டியை யார் ஓட்டுகிறாரோ அவரே ரெகுலர் டிரைவர். வண்டி யார் பெயரில் இருக்கிறது, கடன் யார் கட்டுகிறார் என்பதெல்லாம் வேறு. அப்பா பெயரில் கார், அப்பா பெயரில் பாலிசி, ரெகுலர் டிரைவர் மகன் என்று எழுத எந்தத் தடையும் இல்லை.

அப்பா பெயரைப் போட்டுவிட்டால் என்ன நடக்கும்? பிரீமியம் மாதாமாதம் டெபிட் ஆர்டரில் போகும். வருடக்கணக்கில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். விபத்து நடந்த பிறகுதான் கேள்வி வரும். கல்லூரி வாசலில் காலை எட்டு மணிக்கு இடித்த வண்டி, ஓட்டியவர் மாணவர், கல்லூரி பார்க்கிங் பெர்மிட் அவர் பெயரில், வண்டி போகும் இடத்தைக் காட்டும் டிராக்கர் கருவியில் தினமும் ஒரே பாதை. விசாரிக்க வருகிறவருக்கு இது போதும். ரிஸ்க்கைத் தப்பாகச் சொல்லி பாலிசி எடுத்தீர்கள் என்று கிளெய்மை நிராகரிக்கலாம். பாலிசியையே ஆரம்பத்திலிருந்து செல்லாது என்று சொல்லிக் கட்டிய பிரீமியத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கார் போய்விடும், பேங்க் கடன் அப்படியே நிற்கும். எதிராளியின் வண்டிக்கான செலவும் நம் தலையில் வரும். மாதம் எழுநூறு மிச்சம் பிடித்தது எந்த மூலைக்கு?

அந்த ஷோரூம் பையனைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் செய்தது தப்பு. இங்கே 2002ல் வந்த, நிதி ஆலோசனை சொல்பவர்களுக்கான ஃபைஸ் சட்டப்படி, இன்சூரன்ஸ் பற்றி ஆலோசனை சொல்லும் எவரும் லைசென்ஸ் உள்ள ஒரு நிறுவனத்தின் கீழ் இருக்க வேண்டும், சொன்ன ஆலோசனையை எழுத்தில் பதிந்து கொடுக்க வேண்டும். "அப்பா பேரைப் போடுங்கன்னு நீங்க சொன்னதை அந்த அட்வைஸ் ரெக்கார்டில் எழுதிக் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். எழுத மாட்டார்கள். எழுத முடியாத ஆலோசனையைக் கேட்டு நடக்க வேண்டாம்.

பாலிசி எடுக்க வெளியில் பேசியபோது போனில் கேள்விகள் வரிசையாக வந்தன. அந்தப் பேச்சு முழுவதும் பதிவாகும், நாளை கிளெய்ம் வந்தால் அதைத்தான் முதலில் போட்டுக் கேட்பார்கள். ராத்திரி வண்டி எங்கே நிற்கும்? பூட்டிய கராஜிலா, கேட்டுக்கு உள்ளேயா, தெருவிலா? எங்கள் கராஜில் மாமியாரின் பழைய சாமான்கள் நிறைந்திருக்கின்றன, வண்டி கேட்டுக்குள் திறந்தவெளியில்தான் நிற்கும். அப்படியே சொன்னோம். வண்டியைத் தொழிலுக்குப் பயன்படுத்துவீர்களா? இந்தக் கேள்விக்கு நம் பெண்கள் கவனமாகப் பதில் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு முன்னால் சாட்ஸ்வொர்த்தில் எத்தனை வீடுகளில் பலகாரமும் சமூசாவும் ஆர்டருக்குச் செய்து வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்! காசு வாங்கிக்கொண்டு டெலிவரி செய்தால் அது பிசினஸ் யூஸ். பிரைவேட் யூஸ் என்று எழுதியிருந்து, ஆர்டர் கொடுக்கப் போகும் வழியில் இடித்தால் சிக்கல். முன்கூட்டியே சொன்னால் பிரீமியம் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான்.

இந்தியாவில் எடுத்த லைசென்ஸோடு வேலைக்கு வந்திருப்பவர்கள், எந்தத் தேதியிலிருந்து அனுபவத்தைக் கணக்கிடுகிறீர்கள் என்று கம்பெனியிடம் கேட்டு ஈமெயிலில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறுகிறது.

இனி பணம். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஐடிவி தெரியும், வண்டி மொத்தமாகப் போனால் கிடைக்கும் அதிகபட்சத் தொகை; அதைப் பாலிசியில் ரூபாய்க் கணக்கில் முன்கூட்டியே எழுதிவிடுவார்கள். இங்கே ரீடெயில் வேல்யூ, மார்க்கெட் வேல்யூ, டிரேட் வேல்யூ என்று மூன்று உண்டு. டீலர் நமக்கு விற்கும் விலை ரீடெயில், நம்மிடமிருந்து வாங்கும் விலை டிரேட், இரண்டுக்கும் நடுவில் மார்க்கெட். டீலர்கள் பயன்படுத்தும் விலைக் கையேட்டை வைத்து, வண்டி போன தேதியில் என்ன மதிப்போ அதைப் பார்ப்பார்கள். பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவதற்காக மார்க்கெட் வேல்யூ போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கடனில் எடுத்த புதுக் காருக்கு ரீடெயிலுக்குக் குறைந்து எதையும் ஏற்கக்கூடாது என்பது என் கருத்து.

ரீடெயிலே போதாமல் போகும் இடமும் உண்டு. உதாரணத்துக்கு ஒரு கணக்கு. கார் விலை 3,20,000 ராண்டு. முன்பணம் இல்லை, 72 மாதம், வட்டி 12 சதவீதம், கடைசியில் 30 சதவீதம் பலூன், அதாவது 96,000 ராண்டைக் கடைசி மாதம் ஒரே தொகையாகக் கட்டுவது. மாதத் தவணை சுமார் 5,340 வரும். ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் பேங்குக்கு இன்னும் சுமார் 2,93,000 பாக்கி இருக்கும். அதே நாளில் அந்தக் காரின் ரீடெயில் மதிப்பு 2,60,000 ஆகியிருந்து, கார் களவு போனால்? கம்பெனி 2,60,000ல் எக்ஸெஸை, அதாவது கிளெய்மில் நம் பங்கை, கழித்துக்கொண்டு மிச்சத்தை நேராக பேங்குக்குக் கட்டும். 33,000ம் எக்ஸெஸும் நம் கையிலிருந்து போக வேண்டும், இல்லாத காருக்காக. இந்த ஓட்டையை அடைப்பதுதான் கிரெடிட் ஷார்ட்ஃபால் கவர். பலூன் போட்டவர்கள், முன்பணம் கொடுக்காதவர்கள் இதைக் கண்டிப்பாக எடுக்க வேண்டும். நல்ல முன்பணம் கட்டி எடுத்தவர்களுக்குத் தேவையே இருக்காது. நாங்கள் பலூன் வேண்டாம் என்று சொல்லி, சீட்டு எடுத்த பணத்தை முன்பணமாகப் போட்டதால் இதைத் தள்ளிவிட்டோம்.

எக்ஸெஸ் என்பது ஒவ்வொரு கிளெய்மிலும் நாம் முதலில் கட்ட வேண்டிய பங்கு. தம்பி ஜீரோ டெப், அதாவது உதிரி பாகத்துக்குத் தேய்மானம் கழிக்காத பாலிசி, பற்றிக் கேட்டான். இங்கே உதிரி பாகத்துக்குத் தேய்மானம் கழிப்பது பொதுவாக இல்லை, அந்த இடத்தை எக்ஸெஸ் பிடித்துக்கொள்கிறது. பல பாலிசிகளில் அது அடுக்கடுக்காக வரும். அடிப்படை எக்ஸெஸ் ஒன்று. 25 வயதுக்குக் கீழே என்றால் கூடுதல் ஒன்று. லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகவில்லையா, இன்னொன்று. எதிரே வேறு வண்டி எதுவும் இல்லாமல் தானாகப் போய் மோதினால் அதற்கும் உண்டு, நள்ளிரவு ஓட்டத்துக்கும் சில இடங்களில் உண்டு. பாலிசி அட்டவணையில் "பேசிக் எக்ஸெஸ்" என்று ஒரு வரியில் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டுவிடக்கூடாது. நான் கேட்ட கேள்வி இது: "என் மகன், இருபது வயது, ராத்திரி பதினோரு மணிக்கு, தனியாக ஒரு லைட் கம்பத்தில் மோதினால் மொத்தம் நான் எவ்வளவு கட்ட வேண்டும்?" பதிலை எழுதி அனுப்பச் சொன்னேன். ஒரே மாதிரி பிரீமியம் சொன்ன இரண்டு கம்பெனிகளில் ஒன்றின் தொகை மற்றதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இந்த ஒரு கேள்வியே எங்கள் முடிவைத் தீர்மானித்தது.

டிராக்கர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்த நாட்டில் வருடத்துக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கார்களை ஆளை மிரட்டிப் பறித்துக்கொண்டு போனதாகப் போலீஸ் கணக்கே சொல்லியிருக்கிறது. அதில் நம் மாகாணமான க்வாசுலு-நட்டாலுக்குப் பெரிய பங்கு. ஆகவே சில மாடல்களுக்கு டிராக்கர் இல்லாமல் களவுக்கான கவரே தர மாட்டார்கள். கவனிக்க வேண்டியது, பொருத்திய சர்டிபிகேட்டைக் கம்பெனிக்கு அனுப்பினோமா, மாதச் சந்தா விட்டுப்போகாமல் போகிறதா என்பதுதான். சந்தா நின்று டிராக்கர் உறங்கிப்போயிருந்தால், களவு நடந்த அன்று பாலிசியும் கைவிட்டுவிடலாம். மால் பார்க்கிங்கில் ரிமோட்டை ஜாம் செய்கிறவர்களும் உண்டு. வண்டிக்குள் இருந்த லேப்டாப் போனால், பூட்டை உடைத்த அடையாளம் இருக்கிறதா என்று பல பாலிசிகள் கேட்கும். ஜாம் செய்து திறந்த கதவில் அடையாளம் ஏது? ரிமோட்டை அழுத்திவிட்டுக் கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பார்க்க மகனுக்குப் பழக்கியிருக்கிறேன்.

வெள்ளமும் கலவரமும் பற்றி இங்கே இருக்கிற எவருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் மழையில் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ப்ராஸ்பெக்டனில் டொயோட்டா தொழிற்சாலையே தண்ணீருக்குள் நின்றது. வரிசையாக நிறுத்தியிருந்த புத்தம்புது வண்டிகளின் கூரை மட்டும் சேற்றுத் தண்ணீருக்கு மேல் தெரிந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைக் கழித்துக்கட்டினார்கள். அந்த வெள்ளத்தில் போன தனியார் கார்களுக்குப் பணம் கிடைத்தது காம்ப்ரிஹென்சிவ் இருந்தவர்களுக்குத்தான். தீ, களவு, தேர்ட் பார்ட்டி என்ற நடுத்தர பாலிசியில் வெள்ளம் வராது. எங்கள் வீதி சரிவின் அடிவாரத்தில் இருக்கிறது. கடன் முடிந்த பிறகும் நான் காம்ப்ரிஹென்சிவை விட மாட்டேன்.

கலவரத்துக்குத் தனி ஏற்பாடு. சாதாரணக் கம்பெனி பாலிசி எதிலும் கலவரச் சேதம் கிடையாது. 1976ல் சொவெட்டோவில் நிறவெறி அரசை எதிர்த்துப் பள்ளிப் பிள்ளைகள் கிளர்ந்தெழுந்த பிறகு தனியார் கம்பெனிகள் அந்த ரிஸ்க்கிலிருந்து விலகிக்கொள்ள, 1979ல் சாஸ்ரியா உருவானது. இன்று அது அரசுக்குச் சொந்தமானது, இந்த வேலையை இந்த நாட்டில் செய்வது அது ஒன்றுதான். நம் பாலிசிக்குள்ளேயே ஒரு வரியாக வரும். காருக்கு மாதம் சில ராண்டுதான். 2021 ஜூலையில் மூயி ரிவர் பக்கம் லாரிகள் எரிந்தன, டர்பனில் கடைகள் சூறையாடப்பட்டன, முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஃபீனிக்ஸில் அப்போது நடந்த கொலைகளை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. சாஸ்ரியாவுக்கு வந்த கிளெய்ம்கள் சுமார் 32 பில்லியன் ராண்டு. அரசு பணம் போட்டுத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. அட்டவணையில் அந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள். விலை மலிவாகக் காட்டுவதற்காக அதைக் கழற்றிவிட்ட அட்டவணை ஒன்றை நானே பார்த்தேன். கேட்டதும் சேர்த்தார்கள்.

ஷோரூமில் இன்னும் சிலது நீட்டினார்கள். ஸ்கிராட்ச் அண்ட் டெண்ட், டயர் அண்ட் ரிம், எக்ஸெஸ் வேய்வர். இவற்றைக் கார் கடனோடு சேர்த்து எழுதினால் ஆறு வருடம் அவற்றுக்கும் வட்டி கட்டுவோம். டயர் கவர் மட்டும் யோசிக்கத் தக்கது, நம் ரோட்டுக் குழிகளைப் பார்த்தால். ஆனால் அதைத் தனியாக மாதச் சந்தாவில் எடுக்கலாம். சட்டப்படி டயரில் குறைந்தது ஒரு மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். தேய்ந்த டயரோடு விபத்து நடந்தால் அதையே காரணமாகக் காட்டி மறுக்கும் வாய்ப்பு உண்டு, ஆகவே டயருக்குச் செலவழிக்கும் பணம் வீண் இல்லை. வாடகைக் கார் வசதியைச் சேர்த்துக்கொண்டோம். உதிரி பாகம் வருகிற வரை மகன் கல்லூரிக்குப் போக வேண்டுமே.

புரோக்கர் மூலமா, நேரடியாகவா என்று பலர் கேட்கிறார்கள். மோட்டார் பாலிசியில் புரோக்கர் கமிஷன் 12.5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று சட்ட வரம்பு இருக்கிறது. கிளெய்ம் நேரத்தில் நமக்காகப் பேச ஒருவர் வேண்டும் என்பவர்களுக்கு அது நியாயமான விலை. எங்கள் பெரியப்பா போன்றவர்களுக்கு, போனில் மெனு அழுத்தி அழுத்திச் சலித்துப்போகிறவர்களுக்கு, நல்ல புரோக்கர் பெரிய துணை. மகன் வயதுப் பிள்ளைகளுக்கு, போனிலேயே ஓட்டும் விதத்தை அளந்து பரிசு தரும் டிஸ்கவரி இன்ஷ்யூர் போன்ற ஏற்பாடுகள் பொருந்தலாம். நன்றாக ஓட்டுகிறவனுக்கு அது லாபம், பிரேக்கை ஓங்கி மிதிக்கிறவனுக்கு அந்த லாபம் இல்லை. கார் மதிப்பு குறையக் குறைய மாதப் பிரீமியத்தையும் குறைக்கும் கிங் பிரைஸ் முறையும் உண்டு. எதுவானாலும் முன்னே சொன்ன லைட் கம்பக் கேள்வியைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கிளெய்மை நிராகரித்துவிட்டால் அதோடு முடிந்தது என்று வீட்டுக்குள் உட்கார்ந்துவிட வேண்டாம். நிராகரித்த கடிதத்தில் காரணம் எழுதியிருக்க வேண்டும். கடிதம் கிடைத்து 90 நாளுக்குள் கம்பெனிக்கே எதிர்வாதம் எழுதலாம். அதற்குப் பிறகும் வழக்குத் தொடுக்கக் குறைந்தது ஆறு மாதம் உண்டு. நேஷனல் ஃபைனான்ஷியல் ஆம்பட் ஸ்கீம் என்று, கம்பெனிகள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் அமைப்பு ஒன்று 2024 மார்ச்சிலிருந்து இயங்குகிறது. முன்பு தனித்தனியாக இருந்த ஆம்பட்ஸ்மன் அலுவலகங்கள் பலவற்றை ஒன்றாக்கியது. புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஆனால் அவர்களும் முதலில் கேட்பது நாம் போனில் சொன்ன பதில்களின் பதிவைத்தான்.

எங்கள் அட்டவணை ஈமெயிலில் வந்ததும் அச்சடித்து, சமையலறை மேஜையில் வைத்து மகனை உரக்கப் படிக்கச் சொன்னேன். அவன் பெயர், பிறந்த தேதி, லைசென்ஸ் தேதி, ராத்திரி நிறுத்தும் இடம், ரீடெயில், சாஸ்ரியா. லைசென்ஸ் எடுத்த தேதியில் மாதம் ஒன்று தள்ளிப் பதிவாகியிருந்தது. அன்றே ஈமெயில் அனுப்பித் திருத்தினோம். பிரீமியத்தில் நாங்கள் அவன் அப்பா பெயரைப் போட்டிருந்தால் வந்திருக்கும் தொகையைக் கட்டுகிறோம், மிச்ச எழுநூறை அவன் வார இறுதியில் டியூஷன் எடுத்துத் தருகிறான். இது அவனே சொன்ன யோசனை, எனக்கு அதில் மிகுந்த நிறைவு.

லைசென்ஸுக்கு இரண்டு வருடம் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறோம். கம்பெனி தானாகக் குறைக்கும் என்று காத்திருக்கக்கூடாது, அன்று போன் செய்து புது விலை கேட்க வேண்டும். 25 வயதாகும்போது மறுபடியும். படிப்பு முடிந்து ஜோகன்னஸ்பர்க்கில் வேலை கிடைத்துப் போனால், ராத்திரி வண்டி நிற்கும் முகவரி மாறும். அங்கே ஆலங்கட்டி மழை வேறு, கூரையுள்ள பார்க்கிங் இருக்கிறதா என்று கேட்பார்கள். வீடு மாறும் வாரமே கம்பெனிக்கு எழுத வேண்டியது அவன் பொறுப்பு என்று சொல்லி, பாலிசி நம்பரையும் ஈமெயில் முகவரியையும் அவன் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டேன்.